நின்றுபோன திறமூலத் திட்டத்தை மீண்டும் ஓடவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் மோசமாக இருப்பதால் நின்றுபோகும் திறமூல மென்பொருள்கள் (நிரலை எவரும் படித்து, மாற்றி, பகிரலாம் என்ற உரிமத்தில் வருபவை) குறைவு. வந்த திருத்தங்களைப் படித்துப் பார்க்கவும் புதுப் பதிப்பை வெளியிடவும் ஆள் இல்லாமல்தான் பெரும்பாலானவை நிற்கின்றன. அதனால் கீழே உள்ள பதில்களில் நிரலைவிட ஆட்கள், அனுமதிகள், நேரம் ஆகியவையே அதிகம் வரும்.

ஒரு திட்டம் கைவிடப்பட்டதா, வேலை முடிந்து அமைதியாக இருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி கமிட்டின் (பதிந்த நிரல் மாற்றத்தின்) தேதியை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஒரு கோப்பு வடிவத்தைப் படிக்கும் சின்ன நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்), அந்த வடிவம் மாறாதவரை இரண்டு ஆண்டுகள் கமிட்டே இல்லாமல் நன்றாக இருக்கும். பார்க்க வேண்டியவை வேறு. இன்றைய நிரல்மொழிப் பதிப்பில் பில்ட் ஆகிறதா, அதாவது நிரல் இயங்கும் மென்பொருளாகக் கட்டப்படுகிறதா? பாதுகாப்புக் குறை பற்றி எழுதியவருக்குப் பதில் வந்ததா? சின்னதும் சரியானதுமான புல் ரிக்வெஸ்ட்டுகள் (இணைக்கக் கேட்டு மற்றவர்கள் அனுப்பும் மாற்றங்கள்) எத்தனை மாதமாகப் பதிலின்றிக் கிடக்கின்றன? இணைக்கப்பட்ட மாற்றங்கள் வெளியீடாக வந்தனவா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மெயின் கிளையில் (நிரலின் முதன்மைப் பிரதியில்) கமிட்டுகள் வந்துகொண்டே இருக்கும், ஆனால் இரண்டு ஆண்டாக ஒரு வெளியீடும் இருக்காது. தொகுப்பை (பயனர்கள் நிறுவும் வடிவத்தை) வெளியிடும் உரிமை வைத்திருந்தவர் விலகிவிட்டார், மிச்சமிருப்பவர்களிடம் இணைக்கும் உரிமை மட்டும்தான் இருக்கிறது என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். நிரல் எழுதி இதைச் சரிசெய்ய முடியாது. அனுமதியைத்தான் வாங்க வேண்டும்.

நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியின் ஷார்ட்லாக் கட்டளையைக் கடந்த ஓராண்டுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். யார் எத்தனை கமிட் செய்தார் என்று எண்ணிக்கையோடு வரும். தானியங்கி பாட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரே பெயர்தான் மிஞ்சுகிறது என்றால், திட்டம் இன்று ஓடினாலும் அது அபாயத்தில்தான் இருக்கிறது.

லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் திட்டங்கள்கூட ஏன் ஆளில்லாமல் போகின்றன?

பயன்படுத்துவோர் பெருகும்போது வேலையும் பெருகுகிறது, வேலை செய்பவர்கள் பெருகுவதில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்கலாம், ஒரு பிழையைப் பதியலாம். அவற்றைப் படித்துப் பதில் சொல்பவர் மட்டும் அதே ஒருவர்தான்.

இணைய இணைப்புகளை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் இதற்குப் பெரிய சான்று. 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது இணையத்தின் பாதுகாப்பான இணைப்புகளில் மிகப் பெரும் பகுதி அந்த நூலகத்தை நம்பியிருந்தது. திட்டத்துக்கு அதுவரை வந்த நன்கொடையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். குறை 2012-இல் வெளிவந்த 1.0.1 பதிப்பிலேயே நுழைந்துவிட்டது. நிரல் எல்லார் கண்முன்னும் இரண்டு ஆண்டுகள் திறந்தே கிடந்தும், உட்கார்ந்து படிக்கப் போதிய ஆள் இல்லை.

இங்கே பற்றாக்குறை எதில் என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். எழுதப்பட்ட நிரலுக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை, எந்த நின்றுபோன திட்டத்தைத் திறந்தாலும் இணைக்கப்படாத புல் ரிக்வெஸ்ட்டுகள் குவிந்திருக்கும். அவற்றைப் படித்து, ஓட்டிப் பார்த்து, “இது சரி, இது வேண்டாம்” என்று பொறுப்போடு சொல்லும் நேரத்துக்குத்தான் பஞ்சம். உதவ வருபவர் புது அம்சம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால், அந்தப் பஞ்சம் இன்னும் கூடுகிறது. தானே ஓட்டிப் பார்க்காமல், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை அப்படியே அனுப்புவது அதைவிடக் கெடுதல். அனுப்பியவர் செலவிட்டது ஒரு நிமிடம், படிப்பவருக்குப் போவது ஒரு மணி நேரம்.

பழைய பராமரிப்பாளரை எப்படி அணுகுவது?

முதலில் வேலை, பிறகு கோரிக்கை. கிடப்பில் உள்ள புல் ரிக்வெஸ்ட்டுகளில் ஐந்தாறை எடுத்து உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். முடிவை அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள்: எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, டெஸ்ட் தேறியதா, எது உடைந்தது. இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தபின் எழுதும் அஞ்சலுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி.

அஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். இந்த அளவு போதும்:

“வணக்கம். உங்கள் நூலகத்தை எங்கள் வேலையில் தினமும் பயன்படுத்துகிறோம், மிக்க நன்றி. கிடப்பில் இருந்த ஆறு புல் ரிக்வெஸ்ட்டுகளைச் சோதித்து முடிவுகளை எழுதியிருக்கிறேன். அவற்றில் நான்கை அப்படியே இணைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நேரம் இல்லையென்றால் இணைக்கும் உரிமையை மட்டும் எனக்குத் தரலாம். வெளியீடு உங்கள் கையிலேயே இருக்கட்டும். வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள், அதற்கேற்ப நடந்துகொள்கிறேன்.”

கேட்பது சிறிதாக இருக்கிறது, மறுக்க வழி இருக்கிறது, செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. “இந்தத் திட்டம் செத்துவிட்டதா?” என்று பொது இடத்தில் இஷ்யூ (பிழை அல்லது கேள்விப் பதிவு) திறப்பவர்களுக்கு நல்ல பதில் கிடைப்பது அபூர்வம். எதிரில் இருப்பவர் சம்பளமில்லாமல் பல ஆண்டு உழைத்தவர். அவர் வேலை மாறியிருக்கலாம், உடம்பு முடியாமல் இருக்கலாம்.

இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. அடுத்து?

கமிட்டில் உள்ள முகவரி, தொகுப்பகத்தில் (தொகுப்புகளை விநியோகிக்கும் தளத்தில்) பதிந்துள்ள முகவரி, திட்டத்தின் தளத்தில் உள்ள முகவரி, மூன்றுக்கும் எழுதிவிட்டீர்களா என்று பாருங்கள். தேதிகளைக் குறித்துவையுங்கள், பின்னால் சான்றாகக் கேட்பார்கள். கூட்டுப் பராமரிப்பாளராக ஒரு காலத்தில் இருந்த வேறு யாரிடமாவது உரிமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவரையும் தேடுங்கள்.

அதன்பின் தொகுப்பகத்தின் விதிதான் வழி. பைதான் மொழியின் தொகுப்பகமான பைபிஐ-இல் பெப் 541 என்ற விதி உண்டு. உரிமையாளரை எட்ட முடியவில்லை, 12 மாதமாக வெளியீடு இல்லை, அவரிடமிருந்து வேறு அசைவும் இல்லை என்றால்தான் திட்டம் கைவிடப்பட்டதாகக் கொள்வார்கள். பைபிஐ நிர்வாகிகள் தாங்களாகவே குறைந்தது மூன்று முறை தொடர்புகொள்ள முயல்வார்கள், ஆறு வாரம் வரை பார்ப்பார்கள். கேட்பவர் மூன்றைக் காட்ட வேண்டும்: தொடர்புகொள்ள முயன்று பலிக்கவில்லை என்பது, தன் ஃபோர்க்கில் (பிரித்தெடுத்து நடத்தும் தனிப் பிரதியில்) செய்த மேம்பாடுகள், வேறு பெயரில் வெளியிடுவது ஏன் போதாது என்பது. மூன்றாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “பெயர் பிரபலம்” என்பது காரணமாகாது. “இத்தனை தொகுப்புகள் இந்தப் பெயரைச் சார்ந்திருக்கின்றன, அவற்றுள் பலவும் பராமரிப்பின்றி உள்ளன, அவை பெயர் மாற்றிக்கொள்ளப் போவதில்லை” என்பது காரணம்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு தொகுப்பைப் பொறுப்பேற்கும் எண்ணத்தை முறைப்படி அறிவித்து 21 நாள் காத்திருக்க வேண்டும். மறுப்பு வராவிட்டால், ஏழு நாள் கழித்தே உள்ளே போகும் தாமத வரிசையில் பதிவேற்றலாம். எந்த நிலையிலும் பழையவர் குறுக்கிட்டு “நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள். நியாயமான முறை.

பெயரைக் கைமாற்றவே மாட்டோம் என்ற கொள்கை உள்ள தொகுப்பகங்களும் உண்டு. அங்கே ஃபோர்க் தவிர வழியில்லை.

ஃபோர்க் செய்வது எப்போது சரி?

இரண்டு நிலைமைகளில். பழையவரை எட்டவே முடியவில்லை, அல்லது திட்டத்தைக் கையில் வைத்திருப்பவரின் போக்கு சமூகத்தின் தேவைக்கு எதிராகப் போகிறது. ஒரு அம்சத்தை ஏற்கவில்லை என்ற கோபத்தில் தொடங்கும் ஃபோர்க் ஆறு மாதத்தில் அடங்கிவிடும். அந்த அம்சம் வந்ததும் வேலை செய்யும் காரணமும் தீர்ந்துபோகிறது.

நிலைத்த ஃபோர்க்குகளைப் பாருங்கள். 2010 செப்டம்பரில் ஓபன்ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து லிப்ரேஆஃபிஸ் பிரிந்தபோது, முன்பே அதில் வேலை செய்துவந்தவர்கள் பெருமளவில் கூடவே வந்தார்கள். தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பையும் அறிவித்தார்கள். 2011-இல் ஹட்சன் என்ற பில்ட் தானியக்கக் கருவி பிரிந்து ஜென்கின்ஸ் ஆனபோதும் அப்படியே. ஆட்கள் எந்தப் பக்கம் போனார்களோ அந்தப் பக்கம்தான் திட்டம் போனது. ஃபோர்க்குக்கு முன் எண்ண வேண்டியது நட்சத்திரங்களை (பிடித்தவர்கள் இடும் குறிகளை) அல்ல, கடந்த ஓராண்டில் ரிவ்யூ செய்தவர்களில் (மற்றவர்களின் மாற்றங்களைப் படித்துச் சரிபார்த்தவர்களில்) எத்தனை பேர் உங்களோடு வருவார்கள் என்பதை.

பிரிந்தது மீண்டும் சேரவும் செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து 2014 டிசம்பரில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ், 2015 செப்டம்பரில் நோட் 4.0 பதிப்பில் ஒன்றானது. பிரிந்திருந்த காலத்தில் வெளியீடுகள் விரைவாக வந்தன, முடிவுகள் திறந்த குழுவில் எடுக்கப்பட்டன. சேர்ந்தபோது அந்த நடைமுறையும் கூடவே வந்தது. ஆகவே ஃபோர்க் செய்தாலும் வரலாற்றை அழிக்காதீர்கள், கோப்புகளை இடம் மாற்றி அடுக்காதீர்கள், முழு நிரலையும் ஃபார்மேட்டரில் (நிரலின் தோற்றத்தைச் சீராக்கும் கருவியில்) போட்டு எல்லா வரிகளையும் மாற்றாதீர்கள். ஒரே ஒரு ஃபார்மேட்டர் கமிட் போதும், இரு பக்கத் திருத்தங்களையும் மறுபடி ஒன்றுசேர்ப்பது நரகமாகிவிடும்.

உரிமம், பெயர் விஷயத்தில் எங்கே மாட்டிக்கொள்வோம்?

உரிமக் கோப்பே இல்லாத களஞ்சியம் (ஒரு திட்டத்தின் நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) திறமூலம் அல்ல. களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதால் மட்டும் எடுத்து மாற்றி வெளியிடும் உரிமை வந்துவிடாது. எழுதியவரிடம் உரிமம் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் புதிதாக எழுதுவதே வழி.

உரிமம் இருந்தால், பழைய பதிப்புரிமை வரிகளை நீக்காமல் உங்கள் வரியைக் கீழே சேருங்கள். உரிமத்தை மாற்றலாம் என்று ஆசைப்பட வேண்டாம். பதிப்புரிமை பங்களித்த ஒவ்வொருவரிடமும் சிதறிக் கிடக்கும், ஜிபிஎல் போன்ற (மாற்றியதையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும்) உரிமத்தை மாற்ற அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும்.

பெயர் வேறு சங்கதி. நிரலைத் தரும் உரிமம் பெயரையும் சின்னத்தையும் தருவதில்லை. வணிகக் குறி விதிகளால் டெபியன் 2006-இல் ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றி, 2016 வரை அப்படியே வழங்கியது. ஃபோர்க்குக்குப் புதுப் பெயர் வையுங்கள். பழைய பெயரைக் குறிப்பில் “இதிலிருந்து பிரிந்தது” என்று சொல்லுங்கள்.

பொறுப்பு கைக்கு வந்துவிட்டது. முதல் சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும்?

புது அம்சம் எதுவும் வேண்டாம். முதல் இலக்கு ஒன்றே: எதையும் உடைக்காத ஒரு பராமரிப்பு வெளியீடு. குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை இது.

புதிய, வெறுமையான கண்டெய்னரில் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலில்) களஞ்சியத்தை இறக்கி, ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) எழுதியுள்ளபடி மட்டும் பில்ட் செய்யுங்கள். ஏறக்குறைய எப்போதும் உடையும். உடையும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துவையுங்கள்: காணாமல்போன சிஸ்டம் நூலகம், பதிப்பு எண் பூட்டப்படாத சார்புத் தொகுப்பு (உங்கள் நிரல் நம்பியிருக்கும் வேறு தொகுப்பு), இப்போது இயங்காத பழைய சிஐ சேவை (மாற்றங்களைத் தானாகக் கட்டிச் சோதிப்பது). ஒவ்வொன்றையும் தனித்தனி கமிட்டாகச் சரிசெய்யுங்கள்.

அடுத்து டெஸ்டுகள். தோற்கும் டெஸ்டைப் பார்த்ததும் நிரலை மாற்றத் தோன்றும், பொறுங்கள். கடைசியாக வெளிவந்த பதிப்பின் டேகுக்கு (வரலாற்றில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் அடையாளத்துக்கு) போய், அந்தக் காலத்துச் சார்புத் தொகுப்புகளோடு அதே டெஸ்டை ஓட்டுங்கள். அங்கே தேறினால், மாறியது உங்கள் நிரல் இல்லை, சுற்றியுள்ளது. எந்தச் சார்புத் தொகுப்பின் எந்தப் பதிப்பில் உடைகிறது என்பதை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். களஞ்சியத்தின் உள்ளேயே உடைந்திருந்தால், வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் இருக்கிறது: 1,000 கமிட்டுகளுக்குள் குற்றவாளியைப் பத்துச் சோதனையில் காட்டிவிடும்.

பிறகு சிஐ. இன்று ஆதரவில் உள்ள மொழிப் பதிப்புகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் டெஸ்ட் தானாக ஓட வேண்டும். இது இல்லாமல் கிடப்பிலுள்ளதை இணைக்கத் தொடங்குவதுதான் புதுப் பொறுப்பாளர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு வார உற்சாகத்தில் முப்பது மாற்றங்கள் உள்ளே போகும், வெளியீடு உடையும், எது உடைத்தது என்று தெரியாது, பயனர்கள் பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவார்கள்.

சிஐ பச்சையானதும் வெளியீடு. முதலில் முன்னோட்டப் பதிப்பு ஒன்றை விட்டு, இதைச் சார்ந்துள்ள பெரிய திட்டங்கள் இரண்டு மூன்றிடம் சோதிக்கக் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பதிப்பு எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டி வெளியிடுங்கள். வெளியிடும் ஒவ்வொரு படியையும் ஒரு கோப்பில் எழுதுங்கள். அடுத்த வெளியீட்டை இன்னொருவர் அந்தக் கோப்பை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். அவர் எங்கே உங்களைக் கேட்க நேர்ந்ததோ, அங்கே கோப்பில் ஓட்டை.

600 இஷ்யூ திறந்து கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பழையதிலிருந்து அல்ல, புதியதிலிருந்து. போன மாதம் எழுதியவர் இன்னும் பதிலுக்குக் காத்திருப்பார், ஐந்து ஆண்டுக்கு முன் எழுதியவர் வேறு மென்பொருளுக்குப் போயிருப்பார்.

பாதுகாப்பு, தரவு இழப்பு, பில்ட் உடைவு இந்த மூன்றையும் தேடி எடுத்துத் தனிக் குறியிடுங்கள். மற்றவற்றில் ஆதரவு முடிந்த பதிப்புகள் பற்றியவற்றுக்கு, “புதிய பதிப்பில் இது இன்னும் இருக்கிறதா? 30 நாளுக்குள் சொல்லுங்கள், இல்லையெனில் மூடுகிறோம், பிறகும் திறக்கலாம்” என்று மனிதர் கையால் எழுதுங்கள். எல்லாவற்றையும் தானாக மூடும் பாட் ஒன்றைப் பொருத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மெனக்கெட்டுப் பிழையை விவரித்தவருக்கு இயந்திரத்திடமிருந்து மட்டும் பதில் போனால், அடுத்த முறை அவர் எழுதமாட்டார். பிழையைத் தெளிவாக விவரிக்கத் தெரிந்தவர் நாளைய பங்களிப்பாளர், அவரை இழப்பது பெரிய நஷ்டம்.

புதியவர்கள் ஒரே ஒரு திருத்தத்தோடு காணாமல் போகிறார்களே?

பெரும்பாலோர் போகத்தான் செய்வார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இருக்கக்கூடியவர்களும் போகாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை. முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு எத்தனை நாளில் மனிதரின் பதில் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இணைக்க வேண்டியதில்லை, “பார்த்தேன், வார இறுதியில் படிக்கிறேன்” என்று இரண்டு நாளில் எழுதினாலே போதும்.

வேலையைத் துண்டு போட்டுத் தருவதும் ஒரு கலை. லிப்ரேஆஃபிஸ் குழு தொடக்கத்தில் ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று ஒரு பட்டியல் வைத்தது. அந்த நிரல் ஜெர்மனியில் பிறந்தது, அதனால் உள்ளே குறிப்புகள் ஏராளமாக ஜெர்மன் மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்குவது, எங்கும் அழைக்கப்படாத நிரல் துண்டுகளை நீக்குவது போன்றவை புதியவர்களுக்கான பணிகள். எதுவும் உடையாது, முடித்தால் பலன் கண்ணுக்குத் தெரியும், செய்யும்போதே நிரலின் அமைப்பும் பிடிபடும்.

‘தொடக்கநிலையினருக்கு ஏற்றது’ என்று வெறுமனே குறியிட்டால் பயனில்லை. எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு, எந்த டெஸ்டை ஓட்ட வேண்டும், முடிந்தது என்று எப்படித் தெரியும் என்று நான்கு வரி எழுதுங்கள். எழுத அரை மணி ஆகும். நீங்களே திருத்தினால் பத்து நிமிடம்தான், ஆனாலும் எழுதுங்கள்.

முன்பின் தெரியாதவருக்கு எப்போது, எவ்வளவு உரிமை தரலாம்?

படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் தனிக் காரணத்தோடு. இஷ்யூக்களைக் குறியிடும் உரிமையைச் சில வாரங்களில் தரலாம், கெடுத்தாலும் திரும்ப மாற்றிவிடலாம். இணைக்கும் உரிமையை, இன்னொருவர் ரிவ்யூ செய்தால்தான் இணையும் என்ற கட்டுப்பாட்டோடு, சில மாத நல்ல ரிவ்யூக்களுக்குப் பின் தரலாம். வெளியிடும் உரிமை கடைசியில்.

இந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. 2018-இல் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பகத்தில் உள்ள ஈவென்ட்-ஸ்ட்ரீம் தொகுப்பை, அதில் ஆர்வம் போய்விட்ட ஆசிரியர், உதவுகிறேன் என்று அஞ்சல் எழுதிய ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் சேர்த்த புதுச் சார்புத் தொகுப்பு ஒன்றில், ஒரு பிட்காயின் வாலட்டிலிருந்து சாவிகளைத் திருடும் நிரல் ஒளிந்திருந்தது.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் இன்னும் ஆழமானது. தனியாளாகப் பராமரித்துக் களைத்திருந்தவரை 2022-இல் வேறெங்கும் தடமே இல்லாத சில கணக்குகள் “வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று அஞ்சல்களில் நெருக்கின. அதே காலத்தில் ஒருவர் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்றார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் வைத்த பின்கதவு (அனுமதியின்றி நுழைய ஒளித்துவைத்த வழி) இருந்தது. எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலர் அதைக் கண்டுபிடித்தார்.

இதில் நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. பின்கதவை இயக்கிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக் கோப்புக்கட்டில் மட்டும் இருந்தது. ஆகவே வெளியீட்டை யாருடைய மடிக்கணினியிலும் கட்டாமல், டேகிலிருந்து சிஐ-இல் எல்லார் கண்முன்னும் கட்டுங்கள். இரண்டாவது, யாராவது அவசரப்படுத்தினால் உரிமை தருவதை அன்றே நிறுத்துங்கள். உண்மையாக உதவ வந்தவர் காத்திருப்பார்.

ஒரே ஆளிடம் சாவி இருப்பதை எப்படி மாற்றுவது?

முதலில் கணக்கெடுப்பு. களஞ்சியம், தொகுப்பகக் கணக்கு, டொமைன் (தளத்தின் இணையப் பெயர்), டிஎன்எஸ் (அந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்ற பதிவு), சிஐ ரகசியங்கள், கையொப்பச் சாவி, பாதுகாப்பு அஞ்சல், நன்கொடைக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர் இருக்க வேண்டும். டொமைனைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஒருவரின் சொந்தக் கடன் அட்டையில் புதுப்பிக்கப்பட்டு வரும், அட்டை காலாவதியானதும் தளமும் போய்விடும், சில வாரங்களில் யாரோ அதை வாங்கிவிடுவார்கள்.

களஞ்சியத்தைத் தனிநபர் கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்கு மாற்றுங்கள். கிட்ஹப் பழைய முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிடும். தனிநபர் கணக்கிலேயே வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் வாரிசு ஒருவரைக் குறிப்பிடலாம். உரியவர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழ் கொடுத்து ஏழு நாள், அல்லது இரங்கல் செய்தி காட்டி 21 நாள் கழித்துப் பொதுக் களஞ்சியங்களை அந்த வாரிசு நிர்வகிக்கலாம். பேசச் சங்கடமான விஷயம், ஆனால் செய்ய இரண்டு நிமிடம்தான்.

பணம் திரட்டினால் பிரச்சினை தீருமா?

எதற்கென்று தெரிந்து திரட்டினால் தீரும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபின் 2002-இல் மக்களிடம் திரட்டிய தொகை 100,000 யூரோ, எடுத்துக்கொண்டது ஏழு வாரம். முதலீட்டாளர்களிடமிருந்து நிரலை விடுவிப்பது என்ற ஒரே நோக்கம், எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அக்டோபரில் அது ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. “எங்களை ஆதரியுங்கள்” என்ற பொதுவான பொத்தானுக்கு இந்த வலு வராது.

தன்னார்வலர்கள் விரும்பிச் செய்யாத வேலைக்குப் பணத்தைச் செலவிடுங்கள்: வெளியீடு, பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புகளுக்குக் கொண்டுபோவது, ரிவ்யூ, ஆவணங்கள். யாருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு என்பதைப் பொதுவில் எழுதுங்கள். இது எழுதப்படாமல் ஒருவருக்கு மட்டும் பணம் போனால் மற்றவர்கள் மெல்ல விலகுவார்கள். சண்டை போடாமலே போவார்கள், அதனால் காரணமும் தெரியாது.

வழிகள் பல. கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் 2019 முதல் இருக்கிறது, லிபராபே, ஓபன் கலெக்டிவ் என்ற நன்கொடைத் தளங்கள் உண்டு. நெதர்லாந்தின் என்எல்நெட் 5,000 முதல் 50,000 யூரோ வரை திட்டப்பணிகளுக்குத் தருகிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் புதியவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஆனால் அது வழிகாட்டியின் நேரத்தைத் தின்னும், ரிவ்யூவுக்கே ஆளில்லாத திட்டம் அதில் இறங்க வேண்டாம்.

பெரிய தொகை வந்தால் யார் வங்கிக் கணக்கில் போடுவது? இதற்குத்தான் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரெஸ்ட் போன்ற தாய் அமைப்புகள். வருவதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கணக்கு, வரி, ஒப்பந்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வார்கள். நிறுவனங்களுக்கு இன்வாய்ஸ் தர முடிவதும் பெரிய வசதி. பல நிறுவனங்களில் நன்கொடை தர மேலிடம்வரை போக வேண்டும், இன்வாய்ஸ் வந்தால் குழுத் தலைவரே கையெழுத்திடுவார்.

எங்கள் நிறுவனம் இதை நம்பியிருக்கிறது. பணம் தர அனுமதி இல்லை. வேறென்ன செய்யலாம்?

ஒரு நிரலரின் வாரத்தில் நான்கு மணி நேரத்தை ரிவ்யூவுக்கென ஒதுக்குங்கள், ஓராண்டுக்கு. உள்ளே செய்துவைத்திருக்கும் பேட்சுகளை (நிரல் திருத்தங்களை) மூலத்திட்டத்துக்கு அனுப்புங்கள். அவற்றை ஒவ்வொரு பதிப்புக்கும் சுமந்து திரிவது உங்களுக்கும் செலவுதான். முன்னோட்டப் பதிப்புகளை உங்கள் சிஐ-இல் ஓட்டி முடிவைச் சொல்லுங்கள். உங்கள் பங்களிப்பை எந்தப் பெயரில் அனுப்பலாம் என்று சட்டப் பிரிவிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பல நல்ல பேட்சுகள் இதில்தான் மாதக்கணக்கில் தேங்குகின்றன.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் உதவ முடியுமா?

முடியும். பிழையைத் தன் கணினியில் மறுபடி நிகழ்த்திப் பார்த்து, எந்தப் படிகளில் வருகிறது என்று எழுதித் தருவது மிகப் பெரிய உதவி. திருத்தும் வேலையில் பாதி அதுதான். மொழிபெயர்ப்பு, ஆவணம், புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில், வெளியீட்டுக் குறிப்பு எழுதுவது, கூட்டக் குறிப்பெடுப்பது எல்லாம் பராமரிப்பாளரின் தோளிலிருந்து இறங்கும் சுமை.

பராமரிப்பாளர் நான்தான், களைத்துவிட்டேன். என்ன செய்வது?

முழுதாகத் தீர்ந்துபோவதற்கு முன்பே சொல்லுங்கள். ரீட்மீயின் முதல் வரியில், “பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பார்க்கிறேன், புது அம்சங்களை ஏற்பதில்லை, கூட்டுப் பராமரிப்பாளர் தேவை” என்று எழுதலாம். எதிர்பார்ப்பு குறைந்தாலே பாதி அழுத்தம் போய்விடும். பதில் சொல்லும் நேரத்தை வாரத்தில் ஒரு நாளாகச் சுருக்குங்கள், மற்ற நாளில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

கடந்த ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல திருத்தம் அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்து, தனித்தனியாக எழுதுங்கள். பொது அறிவிப்புக்குக் கை தூக்காதவர், பெயர் சொல்லிக் கேட்டால் வருவார். விலகும்போது சில மாதம் உரிமையோடு பக்கத்தில் இருங்கள், பிறகு உரிமையையும் விட்டுவிடுங்கள். பயன்படுத்தப்படாத பழைய உரிமை பாதுகாப்புக்குக் கேடு.

யாரும் கிடைக்கவில்லை. திட்டத்தை மூடலாமா?

மூடலாம். முறையாக மூடுவதும் பராமரிப்புதான். இணைத்து வெளியிடாமல் இருக்கும் திருத்தங்களை ஒரு கடைசி வெளியீடாக விடுங்கள். ரீட்மீயின் தலைப்பில் தேதியோடு அறிவித்து, மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லுங்கள். தொகுப்பகத்தில் டெப்ரிகேட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறியிட்டால் நிறுவுவோருக்கு எச்சரிக்கை தெரியும். தொகுப்பை நீக்காதீர்கள்: 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் தொகுப்பு என்பிஎம்மிலிருந்து எடுக்கப்பட்டதும் உலகெங்கும் பில்ட்கள் உடைந்தன.

திறந்திருக்கும் இஷ்யூக்களில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு, களஞ்சியத்தை ஆர்க்கைவ் நிலைக்கு மாற்றுங்கள். யாரும் எழுத முடியாது, படிக்கலாம், ஃபோர்க் செய்யலாம். தொடர்பு அஞ்சல் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் சோதித்த புல் ரிக்வெஸ்ட்டுகளின் பட்டியலோடு எழுதினால், ஆர்க்கைவைத் திறக்க ஒரு சொடுக்குப் போதும்.